இரவில் போடும் லென்ஸா, கண்ணாடியா, லேசரா? கிட்டப்பார்வைக்கு எதைத் தேர்வது

கிட்டப்பார்வைக்கு வழி தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. பவர் மேலே ஏறாமல் இருக்க என்ன செய்வது என்பது வேறு கேள்வி. முதலாவது எல்லா வயதினருக்கும் உரியது. இரண்டாவது, விழிக்கோளம் இன்னும் நீண்டுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு உரியது. சாதாரணக் கண்ணாடி முதல் வேலையை மட்டும் செய்யும். அட்ரோபின் சொட்டு மருந்து இரண்டாவதை மட்டும் செய்யும். லேசர் முதல் வேலையை ஒரேயடியாக முடிக்கும். ஆனால் பவர் ஏறுவது நின்ற பிறகுதான் அதன் பக்கம் போக முடியும். இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே லென்ஸ் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதைச் சுற்றி இத்தனை ஆசையும் இத்தனை பயமும் இருப்பது அதனால்தான்.

எதைத் தேர்ந்தாலும் மாறாத ஒன்று உண்டு. கருவிழியை, அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலத்தை (கார்னியா), எப்படித் தட்டையாக்கினாலும் விழிக்கோளத்தின் நீளம் குறையாது. மைனஸ் 7 இருந்தவர் லேசர் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டாலும், விழித்திரை கிழிவது, பிரிவது, கண் நீர் அழுத்த நோய், மாகுலா எனும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது ஆகிய ஆபத்துகள் மைனஸ் 7 கண்ணுக்கு உள்ளவையாகவே இருக்கும். கண்பாப்பாவை மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையை அவர் நிறுத்தக் கூடாது.

கருவிழியில் நடப்பது என்ன

பல்லுக்குக் கிளிப் போடுவது போல என்று ஆர்த்தோ-கேயை விளக்குவது வழக்கம். பாதிதான் பொருந்தும். பல் நகர்ந்தால் எலும்போடு நகரும். இங்கே நகர்வது கருவிழியின் மேல்தோல் மட்டும். லென்ஸை நிறுத்தினால் சில வாரங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

லென்ஸ் கருவிழியை நேரடியாக அழுத்துவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. சரியாகப் பொருந்திய லென்ஸில் மையத்தில் அதன் தடிமன் 5 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மையத்தைச் சுற்றியுள்ள வளையத்தில் அதைவிடப் பல மடங்கு. இந்த வேறுபாட்டால் நடுவில் தள்ளுவிசையும் வளையத்தில் இழுவிசையும் உண்டாகின்றன. மூடிய இமைக்குக் கீழே ஏழெட்டு மணி நேரம் இது நீடித்தால் நடுவில் மேல்தோல் மெலிகிறது, சுற்றிலும் தடிக்கிறது. நடுப்பகுதி தட்டையானதும் ஒளி சற்றுப் பின்னே தள்ளிக் குவிந்து விழித்திரையில் விழுகிறது.

இந்த முறையின் எல்லையும் இங்கேதான். மேல்தோலின் மொத்தத் தடிமனே 50 மைக்ரான் அளவுதான். அதில் 20 மைக்ரான் மெலியலாம் என்று வைத்துக்கொள்வோம். லேசர் சிகிச்சையில் பயன்படும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு: சரிசெய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் தேவையான ஆழம் மைக்ரானில் கிடைக்கும். மைனஸ் 3-க்கு 20 மைக்ரானை வைத்துக்கொண்டு 4.5 மி.மீ. வட்டத்தைச் சரிசெய்யலாம். மைனஸ் 6 என்றால் அதே 20 மைக்ரானுக்கு வட்டம் 3.2 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். இருட்டில் இளம் வயதினரின் கண்பாப்பா 6 மி.மீ.க்கும் மேல் விரியும். சரிசெய்யப்படாத ஓரத்தின் வழியே வரும் ஒளிதான் எதிரே வரும் வாகன விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது. பவர் கூடக் கூட இரவுப் பார்வை ஏன் கெடுகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002-இல் இரவு முழுதும் போடும் ஆர்த்தோ-கே லென்ஸுக்கு முதன்முதலில் ஒப்புதல் தந்தபோது மைனஸ் 6, சிலிண்டர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததால் வரும் பவர்) 1.75 என்று எல்லை வைத்தது. நடைமுறையில் நல்ல பலன் மைனஸ் 1 முதல் 4 வரை. மைனஸ் 5-க்கு மேல் ஒவ்வொரு அரை பவருக்கும் போராட வேண்டியிருக்கும்.

லென்ஸின் அளவுகள்

ஆக்சிஜன் நன்றாக ஊடுருவும் கடின லென்ஸ் இது. விட்டம் 10 முதல் 11 மி.மீ.; கருவிழியை ஏறத்தாழ முழுதும் மூடும். தூக்கத்தில் போடுவதால் பொருளின் ஆக்சிஜன் ஊடுருவல் எண், அதாவது டி.கே., 100-க்குக் குறையக் கூடாது. உட்புறம் நான்கு வளைவுகளாகக் கடையப்பட்டிருக்கும். நடுவில் 6 மி.மீ. அளவில் தட்டையான அடிவளைவு. அதைச் சுற்றி, செங்குத்தாகக் கீழிறங்கும் எதிர்வளைவு. கண்ணீர் தேங்குவது இங்கே. அடுத்து லென்ஸை நடுவில் நிறுத்திவைக்கும் பொருத்து வளைவு. கடைசியில் கண்ணீர் உள்ளே வந்துபோக ஓர வளைவு.

அடிவளைவைக் கணக்கிடுவது எளிது. கருவிழியின் தட்டையான அச்சின் வளைவு 43.00 டையாப்டர், அதாவது 7.85 மி.மீ. ஆரம் என்றும், பவர் மைனஸ் 3.00 என்றும் கொள்வோம். பகல் முழுதும் பார்வை தாங்குவதற்காக 0.50 முதல் 0.75 வரை கூடுதலாகச் சரிசெய்வார்கள். இதற்கு ஜெஸன் காரணி என்று பெயர். 43-இலிருந்து 3-ஐயும் 0.75-ஐயும் கழித்தால் 39.25, ஆரமாக மாற்றினால் 8.60 மி.மீ. கண்ணின் வளைவைவிட லென்ஸ் முக்கால் மில்லிமீட்டர் தட்டை.

அடிவளைவு பவரைத் தீர்மானிக்கிறது. லென்ஸ் நடுவில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பொருத்து வளைவும் லென்ஸின் மொத்த ஆழமும். தவறுகள் அநேகமாக எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. பத்து மைக்ரான் வித்தியாசம்கூட முடிவை மாற்றும். கருவிழியின் வடிவத்தைப் படமெடுக்கும் டோப்போகிராபி கருவி இல்லாத இடத்தில் இந்த லென்ஸைப் பொருத்திக்கொள்ளாதீர்கள். ஃப்ளோரசின் சாயம் போட்டுப் பார்ப்பது விழித்திருக்கும் கண்ணில் லென்ஸ் எப்படி உட்கார்கிறது என்பதை மட்டுமே காட்டும். தூக்கத்தில் அது எங்கே போய் நின்றது என்பதைக் காலையில் எடுக்கும் வரைபடம்தான் சொல்லும்.

அந்த வரைபடத்தைப் படிப்பது கடினமல்ல. நடுவில் வட்டமான தட்டைப் பகுதி, சுற்றிலும் முழு வளையம் என்றால் பொருத்தம் சரி. தட்டைப் பகுதி மேலே ஏறி, கீழே மட்டும் புன்னகை போல வளையம் தெரிந்தால் லென்ஸின் ஆழம் போதவில்லை; தளர்ந்து மேலே நழுவுகிறது. தட்டைப் பகுதி கீழே இறங்கி, வளையம் மேலே கவிழ்ந்து நின்றால் பெரும்பாலும் ஆழம் கூடிவிட்டது, லென்ஸ் இறுகுகிறது. நடுவில் சிறு மேடு எஞ்சியிருந்தால் அதுவும் ஆழம் கூடியதன் விளைவே. இப்படிப் பொருத்தம் தவறியவர்களுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து இரட்டிப்பாகவோ நிழலோடோ தெரியும். பக்கவாட்டில் நழுவினால், கருவிழியின் இரு பக்கமும் சமமாக இல்லாதது காரணமாக இருக்கலாம். சிலிண்டர் பவர் கருவிழியின் ஓரம் வரை பரவியிருந்தால் இரு திசையிலும் வெவ்வேறு வளைவு கொண்ட டோரிக் வடிவமைப்பு வேண்டும். சிலிண்டர் உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸிலிருந்து வருகிறது என்றால் ஆர்த்தோ-கே அதைத் தொடவே தொடாது. இதை முன்கூட்டியே சொல்லாத பொருத்துநரிடம் மேலே பேச்சு வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம்

முதல் இரவிலேயே மாற்றத்தின் பெரும்பகுதி வந்துவிடும். முழுப் பலனும் நாள் முழுதும் நிற்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள், பவர் கூடியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகும். இடைப்பட்ட நாள்களில் காலையில் தெளிவு, மாலையில் மங்கல். பழைய கண்ணாடி ஒத்துவராது. எஞ்சிய பவருக்குத் தற்காலிகமாக ஒருநாள் சாஃப்ட் லென்ஸ் தருவார்கள். அந்த நாள்களில் இரவில் வண்டி ஓட்டக் கூடாது.

முதல் இரவுக்கு மறுநாள் காலை பரிசோதனை தவிர்க்கக் கூடாதது. அதன் பின் ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லென்ஸை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கீறலும் புரதப் படிவும் சேரச் சேர உட்பரப்பு சொரசொரப்பாகி மேல்தோலை உரசும். சில மாதம் போட்டவர்களின் கருவிழியில் பழுப்பு நிற இரும்பு வளையம் ஒன்று தோன்றும். பார்வையைக் கெடுக்காது, பயப்பட ஒன்றுமில்லை. மையத்தில் சாயம் ஏறும் புண் தெரிந்தால் அது வேறு கதை. லென்ஸை நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

தொற்று

ஆர்த்தோ-கே பற்றிய உண்மையான பயம் இதுதான், அதற்கு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஆய்வின்படி, கிருமியால் கருவிழிப் புண் வருவது 10,000 பேர் ஓராண்டு போட்டால் 7.7 பேருக்கு, குழந்தைகளை மட்டும் எடுத்தால் 13.9. அந்தக் கணக்கு இரண்டே இரண்டு நோயாளிகளை வைத்து வந்தது, இருவருமே குழந்தைகள். ஆகவே தசமப் புள்ளியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் மட்டும் போடும் சாஃப்ட் லென்ஸில் இது 10,000-க்கு ஏறத்தாழ 2, சாஃப்ட் லென்ஸோடு தூங்குபவர்களிடம் ஏறத்தாழ 20 என்பது ஆஸ்திரேலியக் கணக்கு. ஆர்த்தோ-கே இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கண்ணாடிக்கு இந்த ஆபத்து பூஜ்யம் என்பதை மறக்கக் கூடாது.

வரும் கிருமிகளில் கொடியவை இரண்டு. சூடோமோனாஸ் ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். அகந்தமீபா குழாய்த் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரி. தடித்த உறைக்குள் ஒடுங்கிய அதன் வடிவம் குளோரினுக்கும் சாகாது, சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். லென்ஸோ, டப்பாவோ, கழற்றும் உறிஞ்சுகுழலோ, எதிலும் குழாய்த் தண்ணீர் படக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது. கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரும் தண்ணீர்தான்.

இரவு நடைமுறை இப்படி. சோப்பால் கை கழுவி, பஞ்சு உதிராத துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும்; கிருமியின் கதை பாதி ஈரக் கையில்தான் தொடங்குகிறது. லென்ஸை எடுத்து சலைனால் அலசி, விரிசல் உண்டா, வலதா இடதா என்று பார்க்க வேண்டும். குழிவில் பதப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீரை நிரப்பி, மேசைமேல் படுக்கவைத்த முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்கித் தலையைக் குனிந்து வைக்க வேண்டும். அப்போது குமிழி தங்காது. குமிழி தெரிந்தால் கழற்றி மறுபடி போடுவது நல்லது. விட்டுவிட்டால் அந்த இடத்தில் கருவிழி காய்ந்து பள்ளம் விழும். போட்டதும் படுத்துவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கத்துக்கு மறுநாள் பார்வை தாங்காது. குப்புறப் படுப்பவர்களுக்கு லென்ஸ் நகரும்.

காலையில் அவசரம் கூடாது. எழுந்ததும் லென்ஸ் கருவிழியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு சொட்டுக் கண்ணீர் மருந்து விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, இமையின் வழியே மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். லென்ஸ் அசைந்தால்தான் கழற்றலாம். அசையாவிட்டால் மேலே பார்த்தபடி கீழிமையின் ஓரத்தால் லென்ஸின் விளிம்புக்குக் கீழே வெண்விழியை அழுத்தினால் உள்ளே கண்ணீர் புகுந்து பிடி விடும். உறிஞ்சுகுழலை லென்ஸின் நடுவில் வைக்காமல் கீழ்ப்பாதியில் வைத்துச் சாய்த்து எடுக்க வேண்டும். ஒட்டிய லென்ஸை நேராக இழுப்பவர்கள் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துவிடுகிறார்கள். புண் பட்ட அந்த இடம்தான் கிருமிக்கு வாசல்.

கழற்றியதும் உள்ளங்கையில் வைத்துச் சுத்திகரிப்புத் திரவத்தால் இருபது நொடி தேய்த்து, சலைனால் அலசி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆறு மணி நேரம் ஊறவிட வேண்டும். அதற்கான டப்பாவில் உள்ள வினையூக்கித் தட்டுதான் பெராக்சைடைச் செயலிழக்கச் செய்கிறது. சாதாரணத் தட்டை டப்பாவில் ஊற்றினால் அது செயலிழக்காது, கண்ணில் பட்டால் நெருப்பாக எரியும். பல்நோக்குத் திரவத்தைவிடப் பெராக்சைடு மேல் என்பது எங்கள் கருத்து, ஆனால் இந்த ஒரு தவறுக்கு இடம் இருக்கிறது. புரதத்தை நீக்கும் தீவிரக் கழுவலைப் பொருத்துநர் சொல்லும் இடைவெளியில் செய்ய வேண்டும். லென்ஸை எடுத்த பின் டப்பாவைக் காலியாக்கிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றி நிரப்புவது கிருமி வளர்ப்பதற்குச் சமம். புது பாட்டில் திறக்கும்போதெல்லாம் டப்பாவையும் மாற்றினால் மறதி வராது.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு தொற்றை மூடி மறைத்து வளர்த்துவிடும். டப்பாவைக் கழுவாமல் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அதிலிருந்தே கிருமியை வளர்த்துக் கண்டறிய முடியும்.

வளரும் பிள்ளைக்கு: நான்கு வழிகள்

பிள்ளைகளின் விஷயத்தில் பவரை அல்ல, விழிக்கோளத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை பவர் ஏறும். ஆர்த்தோ-கே போட்ட கண்ணில் பவர் சோதனையால் பயனே இல்லை, கருவிழி தட்டையாகி இருப்பதால் எண் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒளிக்கருவியால் நீளம் அளப்பவரிடம்தான் போக வேண்டும். முதல் மாதத்தில் மேல்தோல் மெலிவதால் நீளம் ஒரு துளி குறைந்தது போலக் காட்டும், அதைப் பலன் என்று எண்ணிவிடக் கூடாது.

எண்களைச் சதவீதத்தில் சொல்வது விளம்பரத்துக்கு உகந்தது. மில்லிமீட்டரில் பார்ப்பதே நல்லது. ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ரோமியோ ஆய்வில், ஆர்த்தோ-கே போட்ட கண்கள் இரண்டு ஆண்டில் 0.36 மி.மீ. நீண்டன, கண்ணாடி போட்டவை 0.63 மி.மீ. நடுவில் மட்டும் தெளிவாகவும் சுற்றிலும் ஏறத்தாழ 400 நுண் லென்ஸ்களோடும் வரும் டிம்ஸ் வகைக் கண்ணாடியில் அதே இரண்டு ஆண்டில் 0.21, சாதாரணக் கண்ணாடியில் 0.55. ஒருநாள் போட்டு எறியும் மைசைட் சாஃப்ட் லென்ஸில் மூன்று ஆண்டுக்கு 0.30, சாதாரண லென்ஸில் 0.62. அட்ரோபின் 0.05 சதவீதச் சொட்டில் முதல் ஆண்டு 0.20, மருந்தற்ற சொட்டில் 0.41. பிள்ளைகளின் வயதும் இனமும் வேறு என்பதால் இவற்றை நேராகத் தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆனாலும் மிச்சப்படுத்தும் நீளம் எல்லாவற்றிலும் கால் மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம்தான். ஒன்று மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல இடமில்லை. எதுவும் வளர்ச்சியை அடியோடு நிறுத்துவதும் இல்லை.

அப்படியானால் முடிவு பழக்கத்தைப் பார்த்து எடுக்க வேண்டியது. டிம்ஸ் கண்ணாடியில் தொற்று இல்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, பவர் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரம் மூக்கில் இருந்தால்தான் வேலை செய்யும் என்பது ஒன்றே நிபந்தனை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடும் பிள்ளையிடம் அது வெறும் ஃபிரேம். மைசைட் பத்து மணி நேரமாவது கண்ணில் இருக்க வேண்டும். டப்பாவோ திரவமோ இல்லாததால் லென்ஸ் வழிகளில் தொற்று ஆபத்து குறைந்தது இதுவே. அட்ரோபினுக்கு இரவில் ஒரு சொட்டு போதும், பார்வைக்குக் கண்ணாடி தனியே வேண்டும். 0.01 சதவீதம் மிக மென்மையானது, நீளத்தின் மேல் அதன் பலனும் அதே அளவுக்கு மெலிந்தது, 0.05-இல் வெயில் கூச்சமும் கிட்டப் படிக்கையில் லேசான மங்கலும் சிலருக்கு உண்டு. செறிவு கூடிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பவர் துள்ளி ஏறுவது பார்க்கப்பட்டிருக்கிறது.

ஆர்த்தோ-கேயின் தனிச் சலுகை, பிள்ளை பகலில் எதுவும் போட வேண்டாம் என்பது. நீச்சல், விளையாட்டு, புழுதி எதற்கும் தடையில்லை. லென்ஸைப் போடுவதும் எடுப்பதும் பெற்றோர் கண்முன்னே வீட்டுக்குள் நடப்பதால், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பகல்நேரச் சாஃப்ட் லென்ஸைவிட இதைக் கண்காணிப்பது எளிது. மைனஸ் 1 முதல் 4 வரை, ஒவ்வொரு ஆண்டும் பவர் ஏறுகிறது, வீட்டில் தினமும் இருபது நிமிடம் ஒதுக்கும் பெரியவர் இருக்கிறார் என்றால் ஆர்த்தோ-கே நல்ல தேர்வு. பெற்றோர் இருவரும் வெவ்வேறு நேர வேலை பார்த்து, பிள்ளை ஒரு நாள் பாட்டி வீட்டில், ஒரு நாள் தன் வீட்டில் என்று தூங்கும் குடும்பத்துக்குக் கண்ணாடியையே சொல்வோம். பவர் அரை, முக்கால் என்று தொடக்கத்தில் இருந்தால் ஆர்த்தோ-கேயால் கருவிழியில் உண்டாகும் மாற்றமே சிறிது; அட்ரோபினோ டிம்ஸோ போதும். மைனஸ் 6-ஐத் தாண்டினால், 4 பவரை மட்டும் இரவு லென்ஸால் குறைத்து மீதிக்குப் பகலில் கண்ணாடி போடும் முறை உண்டு. அனுபவம் மிக்க பொருத்துநர் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். கண்ணை ஓயாமல் கசக்கும் ஒவ்வாமை, கூம்புக் கருவிழி (கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய்), முன்பு வந்த ஹெர்பீஸ் புண், கடுமையான கண் வறட்சி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆர்த்தோ-கே வேண்டாம்.

பவர் நின்ற பெரியவருக்கு

ஓராண்டில் அரை பவருக்கு மேல் மாறாத, கருவிழி நன்றாக உள்ள பெரியவருக்கு ஆர்த்தோ-கே அநேகமாக முதல் தேர்வாக வராது. வாழ்நாள் முழுதும் இரவுதோறும் செய்ய வேண்டிய வேலை, ஆண்டுதோறும் லென்ஸ், மாதந்தோறும் திரவம். ஓரிரவு விட்டால் மறுநாள் மங்கல். லேசருக்குத் தகுதியானவர் இத்தனையும் சுமக்க என்ன காரணம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகுதி என்பது பெரும்பாலும் தடிமன் கணக்கு. லேசிக்கில் முதலில் 110 மைக்ரான் அளவில் மூடி வெட்டுவார்கள்; பிறகு ஒரு பவருக்கு 12 முதல் 16 மைக்ரான் செதுக்குவார்கள். 540 மைக்ரான் கருவிழியில் மைனஸ் 5-க்கு 70 போனால் அடியில் 360 மிஞ்சும், நிம்மதி. மைனஸ் 8 என்றால் 112 போய் 318 மிஞ்சும். மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத்தில் 41 சதவீதம். குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இப்போது பலரும் 300-ஐ வைத்திருக்கிறார்கள், 40 சதவீதத்தைத் தாண்டினாலும் தயங்குகிறார்கள். மீறினால் கருவிழி முன்னே பிதுங்கும். ஸ்மைல் முறையில் மூடி இல்லை, 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியே உள்ளிருந்து ஒரு வில்லையை உருவி எடுப்பார்கள். அடிபடும் விளையாட்டுக்காரர்களுக்கு ஏற்றது. பி.ஆர்.கே.யில் மேல்தோலை நீக்கிவிட்டு மேலேயே செதுக்குவார்கள். மெல்லிய கருவிழிக்கு ஏற்றது, மூன்று நான்கு நாள் நல்ல வலி. லேசிக்குப் பின் சில மாதம் கண் வறட்சி பொதுவானது, முன்பே வறட்சி உள்ளவர்களுக்குக் கூடுதல். மைனஸ் 8-க்கு மேல் கருவிழியைத் தொடாமல், கண்ணுக்குள் ஐ.சி.எல். லென்ஸ் வைப்பதே பொருத்தம். கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையே உள்ள முன்னறையின் ஆழம் ஏறத்தாழ 3 மி.மீ. இருக்க வேண்டும்.

பெரியவரில் ஆர்த்தோ-கே வெல்லும் இடங்களும் உண்டு. பவர் இன்னும் நகரும் பதினெட்டு, இருபது வயது. அறுவைசிகிச்சை செய்தவரை ஏற்காத வேலைக்கு முயல்பவர். பகலில் சாஃப்ட் லென்ஸ் போட்டால் கண் காய்ந்துபோகும், ஆனால் கண் மற்றபடி நலமாக உள்ளவர். நாற்பதை நெருங்குபவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மைனஸ் 2 உள்ளவர் ஐம்பது வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார். லேசர் அந்த வசதியைப் பறித்துவிடும். ஆர்த்தோ-கேயில் ஒரு கண்ணைச் சற்றுக் குறைவாகச் சரிசெய்து பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் லென்ஸை மாற்றினால் போதும். கூம்புக் கருவிழிச் சந்தேகத்தால் லேசர் மறுக்கப்பட்டவர் ஆர்த்தோ-கே பக்கம் திரும்புவது மட்டும் தவறு. அதே காரணம் இங்கேயும் தடை.

நிறுத்தும்போது

திரும்பப் பெறக்கூடிய முறை என்பது உண்மை, ஆனால் மறுநாளே திரும்பாது. பவரின் பெரும்பகுதி ஓரிரு வாரத்தில் வந்துவிடும். கருவிழி முழுதும் பழைய வடிவத்துக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அந்த வாரங்களில் பவர் நாளுக்கு நாள் மாறுவதால் புதுக் கண்ணாடி போடுவது வீண். இரண்டு மூன்று பவரில் ஒருநாள் சாஃப்ட் லென்ஸ்களை வாங்கி வைத்துக்கொண்டு நாளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பதினான்கு வயதுக்கு முன் நிறுத்தினால் விழிக்கோளம் மீண்டும் வேகமாக நீளலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் டிம்ஸ் கண்ணாடிக்கோ அட்ரோபினுக்கோ மாற்றிவிட்டு நீளத்தை அளந்துகொண்டிருக்க வேண்டும். லேசருக்கோ கண்புரை அறுவைசிகிச்சைக்கோ போகிறவர், முன்பு ஆர்த்தோ-கே போட்டதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தட்டையான கருவிழியில் எடுத்த அளவை வைத்துச் செதுக்கினாலும் உள்லென்ஸ் கணக்கிட்டாலும் பவர் பிழையாகிவிடும். லென்ஸை நிறுத்திச் சில மாதம் விட்டு, இடைவெளி விட்டு எடுத்த இரண்டு டோப்போகிராபி படங்கள் ஒன்றுபோல் வந்த பிறகே தேதி குறிக்க வேண்டும்.